பட்டை அவிழும் சத்தம்

ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள் மருமகள். கதவின் நடுத்தட்டில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மருந்து டப்பாவைத்தான் எடுக்கிறாள். அதற்குள் இரண்டு குட்டி பாட்டில்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் இந்த வீட்டில் வேறு எதற்கும் கிடையாது. நான் அடுக்களைத் தரையில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிவைத்து உரித்துக்கொண்டிருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். என்னை யார் கூப்பிட்டார்கள்? நேற்று ராத்திரி தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான் என் மகன், என் முகத்தைப் பார்க்காமல் சட்னியைப் பார்த்துச் சொன்னான், “எம்மா, நாளைக்கு ஊசிய இலக்கியா போடட்டும், நீ ரெஸ்ட் எடு.” ரெஸ்ட்! வயசாகிவிட்ட கிளார்க்குக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது சொல்கிற வார்த்தை அது. எனக்கு மாலைகூட இல்லை. இன்னொரு தோசை ஊற்றவா என்று கேட்டேன், போதும்மா என்றான், அத்தோடு முடிந்தது என் உத்தியோகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் இலக்கியா அவன் தட்டில் தண்ணீர் தெறித்துவிடாமல் செம்பை நகர்த்தி வைத்தாள், என்னமோ அந்தத் தண்ணீர்தான் பெரிய விஷயம் என்பதுபோல. அவன் அப்பா இன்றைக்குக் காலையில் எழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு கறி வாங்கக் கிளம்பிவிட்டார். ஊசி நாளில் அந்த மனுசனுக்கு எப்போதும் வெளியில் ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும். மகனுக்கு ஊசி ஏற்றினால் ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வருகிற ஆள், கறிக்கடையில் மட்டும் ஒருநாளும் மயங்கி விழுந்தது கிடையாது.

சத்தத்தைக் காணோம். பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள்? குளிர் போக வேண்டும், முதலில் குளிர் போக வேண்டும், அவசரப்பட்டுக் குளிரோடு ஏற்றினால் அவனுக்குக் கை தோள்வரை விறைத்துப்போகும். நான் இரண்டு பாட்டிலையும் இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொண்டு காபி போடுவேன், அவன் காபி குடித்து முடிப்பதற்குள் மருந்து என் உடம்புச் சூட்டுக்கு வந்திருக்கும். அவள் நைட்டியில் எங்கே செருகுவாள்? உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறாளாயிருக்கும், மதுரை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உருட்டட்டும். என் பிள்ளைக்கு ரத்தம் உறையாது, பிறந்ததிலிருந்தே அப்படி. தவழ ஆரம்பித்தபோது முழங்கால் இரண்டும் பந்துமாதிரி வீங்கின, தரை குத்துகிறது என்று பாய்மேல் பாய் விரித்தோம், கண்பட்டிருக்கிறது என்று சுற்றிப்போட்டோம், கடைசியில் மதுரை டாக்டர் ஹீமோபீலியா என்று ஒரு பெயர் சொன்னார். ரத்தத்தை உறையவைக்கிற சரக்கு எல்லாருக்கும் உடம்பில் தானாக ஊறும், இவனுக்கு ஊறாது, ஃபேக்டர் என்ற அந்தச் சரக்கை வெளியிலிருந்து நரம்பில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு தரம், ஆயுசு முழுக்க. ஊர்விட்டு ஊர் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதென்றால் வீட்டிலேயே போட யாராவது படித்துக்கொள்ளுங்கள் என்றார். யார் என்று கேட்கிற மாதிரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்லியிருந்தார், “இது அம்மா வழியா பிள்ளைக்கு வர்றதும்மா, உங்களுக்கு வெளில ஒண்ணும் தெரியாது, ஆனா உங்க ரத்தத்துல இருக்கும்.” பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஒரு அடிகூட இருக்காது. ஆனால் தள்ளிப் போட்டுக்கொண்டார். சரி, வியாதி என்னுடையது, நானே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஊசியும் என்னுடையதுதானே? கொடுத்தவளே தீர்க்கிறேன் என்றுதானே அன்றைக்கே நர்ஸம்மா முன்னால் போய் நின்றேன். இதில் நடுவில் வந்து நிற்க இவள் யார்?

இதோ, மூடி கழன்றது. டிக், டிக், இரண்டு மூடி. இனிமேல் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மருந்துத் தூள் இருக்கிற பாட்டில் அதைச் சுர்ரென்று தானாக உறிஞ்சிக்கொள்ளும், அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும், தாகமெடுத்த பிள்ளை குடிக்கிறமாதிரி இருக்கும். கேட்டுவிட்டது. குலுக்கப் போகிறாள், பார், குலுக்கத்தான் போகிறாள், குலுக்கினால் நுரைத்துப் போய்விடும், நுரைத்தால் காத்துக்கிடக்க வேண்டும். குலுக்கவில்லை. அவள் குலுக்கவில்லை என்று எனக்கு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது? கணக்கு டீச்சர் அவள், சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. ஆஸ்பத்திரியில் ரப்பர் கை ஒன்று வைத்திருக்கிறார்களாம், அதில் ரப்பர் நரம்பு ஓடுமாம், குத்தினால் சிவப்புத் தண்ணீர் வருமாம், அதில் குத்திக் குத்திப் பழகினாளாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்திருப்பார்கள், வீட்டுக்குள் நுழையும்போது சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. நான் ரப்பர் கையில் பழகவில்லை. எனக்கு யார் ரப்பர் கை கொடுத்தார்கள்? நான் என் கையில்தான் பழகினேன். கதவைச் சாத்திக்கொண்டு, நரம்பு எழும்பக் கட்டுகிற ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, என் இடது கையில் நானே குத்தினேன், குத்திய இடமெல்லாம் நாவல்பழம் நசுங்கின மாதிரி கறுத்தது, அப்போதுதான் டாக்டர் சொன்னது உண்மை என்று தெரிந்தது, என் ரத்தமும் ஒழுங்காக உறைகிற ரத்தம் இல்லை. முழுக்கைச் சட்டை மாதிரி ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் என் வீட்டுக்காரர் அடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை, கொஞ்ச நாளைக்கு அந்த மனுசன் கெட்ட பெயர் வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படிப் படித்தது இந்தக் கை. வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது.

அவளைக் குறை சொல்ல முடியாது, அதுதான் என் வயிற்றெரிச்சலே. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில் இவன் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து தன் வியாதியைச் சொன்னான், எனக்கு உயிரே போய்விட்டது, இதோடு ஏழாவது இடம் என்று எழுந்திருக்கப் போனேன். அவள், நின்றுகொண்டிருந்தவள், “எவ்வளவு அடிக்கடி ஏத்தணும்? வீட்லயே ஏத்திக்கலாமா?” என்று கேட்டாள். மளிகைச் சாமான் எந்தக் கடையில் வாங்குவீர்கள் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன், பொய் இல்லை, மனசுக்குள் காலிலேயே விழுந்தேன். என் மகனைக் கட்டிக்கொள்ள ஒருத்தி வந்துவிட்டாள் என்று சாத்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணம் முடிந்து நாலைந்து மாசம்தான் ஆகிறது. அவன் பெயர் அகிலன். நான் ஐயா என்பேன், ராசா என்பேன், கோபம் வந்தால் ஏலே என்பேன். அவள் எங்கள் முன்னால் “ஏங்க” என்கிறாள், அறைக்குள் போனதும் “அகில்” என்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. அகில். நான் வைத்த பெயரில் வாலை நறுக்கிவிட்டாள். நறுக்கினதும் அவனுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கிறது தெரியுமா, “ம்” என்று ஒரு சத்தம் போடுவான், அந்த “ம்” எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. எனக்குக் கிடைப்பது “என்னம்மா”. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். மருமகள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக வயிறெரிகிற மாமியார் என்று பெயர் வரும், அந்தப் பெயர் சரியாகவும் இருக்கும்.

ஸ்பிரிட் வாசம் வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள், கட்டில் இடப்பக்கம் கிறீச்சிட்டது. காகிதம் கிழிகிறது, அதுதான் பட்டர்ஃபிளை ஊசி, இரண்டு பக்கமும் பச்சை றெக்கை வைத்து வால் மாதிரி நீளமாகக் குழாய் தொங்கும், சின்ன வயதில் அவன் அதைப் பூச்சி என்பான், “எம்மா, பூச்சி கடிக்கப்போகுதா?” என்பான். இவளிடம் அதைச் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான். அது எங்கள் இரண்டு பேருக்குள் இருக்கிறது. “எந்தக் கைல போட?” என்கிறாள். நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன். வலது கை என்று சொல்லு ராசா, வலது புறங்கை என்று சொல்லு. ஆஸ்பத்திரியில் அவளை அங்கேதான் போடச் சொன்னார்களாம், புறங்கையில் நரம்பு மேலாக ஓடும், யார் வேண்டுமானாலும் போடலாம். அவன் வலது முழங்கை சின்ன வயதில் ரத்தம் கட்டிக்கட்டி வளைந்துபோனது, அதனால்தான் அவனால் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது, அந்தக் கை ஊசியை நிதானமாகப் பிடிக்காது. ஆனால் இடது முழங்கை மடிப்பில் ஒரு நரம்பு இருக்கிறது. அது என் நரம்பு. நான் கண்டுபிடித்தது, நான் காப்பாற்றி வைத்திருப்பது, ஒரே இடத்தில் குத்தாமல் இன்றைக்குக் கொஞ்சம் மேலே, அடுத்த தரம் கொஞ்சம் கீழே என்று மாற்றி மாற்றிக் குத்தி இத்தனை வருசம் கெடாமல் வளர்த்த நரம்பு. “இடது கைலயே போடு, அதுதான் நல்ல நரம்பு,” என்றான் என் மகன். கொடுத்துவிட்டான். கேட்டதும் கொடுத்துவிட்டான், கறிவேப்பிலைக் கொத்தை நீட்டுகிறமாதிரி.

சரி கொடுக்கட்டும். அந்த நரம்பு ஓடும். அது அவளுக்குத் தெரியாது. பார்க்கக் குண்டாக, நல்ல பிள்ளையாக இருக்கும், ஊசி முனை தோலைத் தொட்டதும் நழுவி ஒதுங்கிவிடும். கட்டைவிரலால் கீழேயிருந்து தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும், நேராகப் போகக் கூடாது. இதை எந்த நர்ஸும் சொல்லித்தரவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன். போன வாரம் இவளே வந்து கேட்டாள், “அத்தை, நீங்க அந்த நரம்ப எப்படிப் பிடிப்பீங்க?” என்று, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், தோள் தோளில் இடித்தது. “அதெல்லாம் பழகப் பழக வரும்,” என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கடையப் போய்விட்டேன். சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எல்லாமும்தான் குறைந்துபோயிருக்கும். இப்போது பட்டையைக் கட்டுகிறாள், ரப்பர் தோலில் உரசுகிற சத்தம், தட்டுகிறாள், பட் பட், நரம்பு எழும்பியிருக்கும். தப்பட்டும். தப்பிவிடட்டும், ஒரு தரம் தப்பிவிடட்டும், “அத்தை, கொஞ்சம் வாங்களேன்” என்று குரல் வரட்டும், நான் உடனே போக மாட்டேன், கையை அலம்பிவிட்டு, துண்டில் துடைத்துவிட்டு, மெதுவாகப் போவேன், தள்ளிக்கோம்மா என்பேன், கட்டைவிரலை வைப்பேன், ஒரே குத்தில் குழாய் சிவக்கும். என்ன வேண்டிக்கொள்கிறேன் நான்? தப்பினால் யாருடைய கையில் தப்பும்? அந்த ஊசி என் பிள்ளையின் சதைக்குள்தானே துழாவும், கறுக்கப்போவது அவன் கைதானே. காளியாத்தா, நான் வேண்டியதைக் காதில் வாங்காதே. வாங்காதே. ஆனால் ஒரே ஒரு தரம் தப்பினால் ஒன்றும் ஆகிவிடாது. நான் தப்பியதில்லையா? அவனுக்கு எட்டு வயதிருக்கும், காய்ச்சலில் நரம்பெல்லாம் உள்ளே ஒடுங்கிவிட்டது, மூன்று தரம் குத்தி மூன்று தரமும் தப்பி, ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவன் என் கன்னத்தைத் தொட்டு, “அழாதம்மா, இன்னொரு தடவ குத்து,” என்றான். எட்டு வயதுப் பிள்ளை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருசம் ஓட்டினேன், என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தள்ளிப் போட்டதை அந்த ஒரு வார்த்தையால்தான் மறந்தேன்.

“ஸ்ஸ்.” அது அவன். எனக்குத் தெரியும் அந்த ஸ்ஸ், தப்பிவிட்டது. எழுந்துவிட்டேன், மடியில் இருந்த வெங்காயம் உருண்டு ஓடுகிறது. ஈரக்கையோடு நிற்கிறேன். இப்போது கூப்பிடுவாள். பஞ்சை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறான், மருந்து ஏறாத உடம்பு, நேரம் பிடிக்கும், நன்றாக அழுத்த வேண்டும், தேய்க்கக் கூடாது. அவள் அழுகிறாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. “அத்தையக் கூப்பிடவா?” என்றாள். கேட்டுவிட்டாள்! நல்ல பெண், தங்கமான பெண், கூப்பிடு, இதோ கையை அலம்பிக்கொண்டேன், குழாயைத் திறந்ததுகூட நினைவில்லை, சேலையில் துடைத்துக்கொண்டேன், வாசற்படிவரை வந்துவிட்டேன், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் என் கால். “வேண்டாம்,” என்றான். யார், என் மகனா சொன்னான்? “அழாத. இன்னொரு தடவ குத்து.” அதே வார்த்தை. எனக்குக் கொடுத்த அதே வார்த்தையை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டான், ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, அம்மா என்பதை மட்டும் எடுத்துவிட்டான். நான் திரும்பி அடுக்களைக்கு வந்தேன். அம்மி மேல் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் ஊற்றிவைத்திருக்கிறேன், காலையிலேயே ஊற்றிவைத்துவிட்டேன், அதையாவது எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். ஊசி முடிந்தபின் பட்டையை இழுத்து அவிழ்த்த இடத்தில் கையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருக்கும், அதில் எண்ணெயைத் தொட்டு மெல்லத் தடவிவிடுவேன், அவன் கையை நீட்டியபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பான். மீசை முளைத்தபின் என்னைத் தொடவிடாத பிள்ளை, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கையை என் மடியில் போட்டுவைப்பான். சிவப்புக் கோடு மங்குகிறவரை தடவுவேன். மங்கினபின்னும் கொஞ்சம் தடவுவேன், அவன் கையை இழுத்துக்கொள்ள மாட்டான். அது போதும். ஊசியை அவள் போட்டுக்கொள்ளட்டும், கோடு எனக்கு.

மறுபடி காகிதம் கிழிந்தது, புது ஊசி. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “கொஞ்சம் மேல. பக்கத்துல சாய்ச்சுப் போ. தோல கீழயிருந்து கட்டவெரலால பிடி,” என்று அவன் சொல்லிக்கொடுக்கிறான். என் வித்தையை. அவன் இத்தனை வருசம் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். “வந்துட்டு!” என்றாள், “அகில், ரத்தம் வந்துட்டு!” குழாய் சிவந்துவிட்டது. உள்ளே போய்விட்டது. முடிந்தது. என் நரம்பு அவளுக்குப் போய்விட்டது. இனி பட்டையை அவிழ்க்க வேண்டும், குழாய் சிவந்ததும் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் மருந்தைத் தள்ள வேண்டும், “சடக்”கென்று ஒரே இழுப்பு, அந்தச் சத்தம்தான் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளம், அந்தச் சத்தத்துக்கு அவன் சின்னதிலிருந்தே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான், அப்பாடா என்று மூடுகிறான் என்று எனக்கும் அப்பாடா என்றிருக்கும். சத்தம் வரவில்லை. காத்திருக்கிறேன், வரவில்லை. முதல் தரம் தப்பினபோதும் வரவில்லையே! அவிழ்க்கவே இல்லையா? அப்போது கட்டினதுதானா இன்னும் இருக்கிறது? கை நீலம் பாய்ந்திருக்குமே. பட்டை இருக்கும்போது மருந்தைத் தள்ளினால் போகிற வழி அடைத்துக்கொண்டு நரம்பு வெடித்துவிடும், மருந்தெல்லாம் சதைக்குள் இறங்கும், முழங்கை வீங்கும், இருக்கிற ஒரே நல்ல முழங்கை, வலதுகை மாதிரி வளைந்துபோனால் இந்தப் பிள்ளை எந்தக் கையால் சோறு தின்னும். கத்த வேண்டும். வாயைத் திறந்தால் போதும், இரண்டு வார்த்தை. திறக்கவில்லை. ஒரு மூச்சு. அவள்தானே செய்கிறாள். இன்னொரு மூச்சு. தப்பு நடந்தால் அவளுடையது, நாளைக்கு இந்த ஊசி தானாக என் கைக்கு வந்து சேரும், யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது, நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும், எனக்கு ரெஸ்ட்தானே கொடுத்தார்கள். மூன்றாவது மூச்சை விடவில்லை. “பட்டய அவுரு!” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். “ஏட்டி, தள்ளாத, பட்டய அவுரு மொதல்ல!”

பிறகு அவள் குரல் வந்தது, பதறாத குரல், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரல். “அப்பவே அவுத்துட்டேன் அத்தை. மெதுவா அவுத்தேன், அதான் உங்களுக்குக் கேட்டிருக்காது. சடக்குன்னு இழுத்தா முடியெல்லாம் சேத்து இழுத்துச் சுள்ளுன்னு வலிக்குமாம், ஊசியவிட அதுதான் வலிக்கும்னு இவங்கதான்...” “ஏய்,” என்றான் அவன். தணிந்த குரலில்தான் சொன்னான், எனக்குக் கேட்கக் கூடாது என்று சொன்னான், அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது. ஊசியவிட அதுதான் வலிக்கும். எத்தனை சடக். வாரத்துக்கு இரண்டு தரம், பால்பல் விழாத வயதிலிருந்து. கண்ணை இறுக்கி மூடினது அதற்காகத்தானா? ஒருநாள், ஒரே ஒருநாள், எம்மா மெதுவா என்று சொல்லியிருந்தால் நான் வாயால் ஊதி ஊதி அவிழ்த்திருப்பேனே. சொல்லவில்லை. இன்னொரு தடவ குத்து என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல வரவில்லை, எனக்கு மனசு நோகும் என்று வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான், எங்கேயோ பத்திரமாக வைத்திருந்து, இவள் வந்ததும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். இவளிடம் வலிக்கும் என்று சொல்ல முடிகிறது அவனுக்கு. நரம்பு போகட்டும், பூச்சி போகட்டும், இதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, இவளிடம் அவனுக்கு வலிக்கலாம்.

என் கால் தானாக நடந்தது. திரையை விலக்கியபோது என் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. அவள் மருந்தைத் தள்ளி முடித்திருந்தாள், மெதுவாக, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, எப்படித் தள்ள வேண்டுமோ அப்படி. ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை, கண்மை கன்னத்தில் இறங்கியிருக்கிறது, என்னைப் பார்த்ததும் பரீட்சையில் பாஸான பிள்ளைமாதிரி சிரித்தாள். “அத்தை, போட்டுட்டேன்!” என்றாள். அந்தச் சிரிப்பில் துளி விஷம் இருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். “நல்லா போட்டம்மா,” என்றேன். என் குரல்தான் அது. பட்டை கட்டிலில் சுருட்டி வைத்திருந்தது, சுருக்கமில்லாமல். “என்ன அத்தை கைல?” என்று கேட்டாள். “எண்ணெய்,” என்றேன். “எதுக்கு?” அவளுக்குத் தெரியாது. ஆக, இதை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. ஒரு நொடி நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு நேற்று ராத்திரி பார்க்காத என் முகத்தைப் பார்த்தான். “ஒக்காரும்மா,” என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்த என் மடியில் இடது கையைப் போட்டான். எப்போதும்போல. கண்ணையும் மூடிக்கொண்டான். நான் விரலை எண்ணெயில் தொட்டுக்கொண்டு அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன், உள்பக்கம், வெளிப்பக்கம், தோள்வரை பார்த்தேன். கை சுத்தமாக இருந்தது. கோடு இல்லை. எங்கே தடவுவது என்று எனக்குத் தெரியவில்லை.